ரோடு பைக் வாங்கப் போகிறேன்: கார்பனா, அலுமினியமா, ஸ்டீலா?

திருப்பூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வயது 38, உயரம் 168 செ.மீ., எடை 74 கிலோ. இரண்டு வருடமாக ஹைப்ரிட் சைக்கிளில் ஞாயிறு தோறும் பல்லடம் பக்கமோ அவினாசி பக்கமோ 40, 50 கிலோமீட்டர் போய் வருகிறீர்கள். இந்த வருடக் கடைசிக்குள் ஒரு 200 கி.மீ. பிரவே (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) முடிக்க வேண்டும், ஒரு தடவையாவது மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறிவிட வேண்டும் என்கிறீர்கள். கையில் ஒரு லட்சம். கடையில் "இன்னும் கொஞ்சம் போட்டுக் கார்பனாக எடுத்துக்கோங்க" என்கிறார்கள். உங்கள் மச்சானோ "ஸ்டீல்தான் உடம்புக்குச் சொகுசு, அலுமினியம் முதுகைக் கெடுத்துவிடும்" என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். உங்களுக்கு உண்மையில் இருக்கும் பயம் உலோகத்தைப் பற்றியதில்லை என்று தோன்றுகிறது. இவ்வளவு பணம் போட்டு வாங்கும் சைக்கிளில் ஐந்தாவது மணி நேரத்திலும் கழுத்து, முதுகு, கை வலிக்காமல் உட்கார முடியுமா என்பதுதான் உங்கள் பயம். அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். மெட்டீரியல் அதற்குப் பின்னால் தானாக வரும்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்து, கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் சில வருடம் மெட்டீரியல் டெஸ்டிங் பார்த்தவன். அப்புறம் பதினைந்து வருடமாக சைக்கிள் பட்டறை. சைக்கிளைச் சரிசெய்வதோடு, ஆளுக்கேற்ப உட்காரும் நிலையை அமைத்துத் தருவதும் என் வேலை. உலோகத்தைப் பற்றிச் சொல்வதைப் படிப்பிலிருந்தும், உடம்பைப் பற்றிச் சொல்வதை என் கண்ணால் பார்த்ததிலிருந்தும் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்களுக்கு ஏற்கெனவே டிஸ்க் பிரச்சினையோ மூட்டு வலியோ இருந்தால், சைக்கிளைத் தொடும் முன் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

நீங்கள் திருப்பூர்க்காரர், அதனால் உங்களுக்குச் சொல்வது எளிது. துணி ஆர்டர் தரும் ஒரு பையரின் ஸ்பெக் ஷீட்டில் மீடியம் என்றால் ஓர் அளவு, இன்னொரு பையரின் ஷீட்டில் மீடியம் என்றால் வேறோர் அளவு. நெஞ்சு, உயரம், தோள் என்று தனித்தனியாக டேப் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். சைக்கிளும் அப்படித்தான். ஒரு கம்பெனியின் 52 சைஸ், இன்னொரு கம்பெனியின் 52 இல்லை. ஸ்மால், மீடியம் என்று எழுதியிருப்பதை நம்பி வாங்கவே கூடாது. ஃபிரேமுக்கு நடுவில் கால் விரித்து நின்று, மேல் பைப்புக்கும் தொடையிடுக்குக்கும் இரண்டு விரல் இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். மேல் பைப் நேர்கிடையாக இருந்த காலத்துக்கு அது சரி. இப்போது பைப் பின்பக்கம் சரிந்து போவதால், உங்களுக்கு இரண்டு சைஸ் பெரிய சைக்கிளிலும் அந்தச் சோதனை தேறிவிடும்.

பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு: ஸ்டாக், ரீச். பெடலைத் தாங்கும் கை, அதாவது கிராங்க், சுழலும் அச்சின் நடுவிலிருந்து நேராக மேலே ஒரு கோடு போடுங்கள். ஹேண்டில் பொருந்தும் ஹெட் ட்யூபின் மேல் விளிம்பு அந்த அச்சை விட எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அது ஸ்டாக். அந்தக் கோட்டிலிருந்து அதே விளிம்பு முன்பக்கம் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அது ரீச். ஸ்டாக் கூடினால் நிமிர்ந்து உட்காரலாம், ரீச் கூடினால் எட்டிப் பிடிக்க வேண்டும். எல்லாக் கம்பெனியும் தங்கள் இணையதளத்தில் ஜியாமெட்ரி அட்டவணையில் இவற்றைப் போடுகிறார்கள். உங்கள் உயரத்துக்கு ஏற்ற சைஸில் ரேஸ் சைக்கிள் என்றால் ஸ்டாக் 525, ரீச் 380 மி.மீ. என்கிற மாதிரி இருக்கும். எண்டியூரன்ஸ் வகை என்றால் ஸ்டாக் 550, ரீச் 370 என்று வரும். ஸ்டாக்கை ரீச்சால் வகுத்துப் பாருங்கள். 1.4 பக்கம் வந்தால் குனிந்து ஓட்டும் பந்தயச் சைக்கிள், 1.5-ஐ நெருங்கினாலோ தாண்டினாலோ நாள் முழுக்க உட்காரும் சைக்கிள். இது தோராயக் கணக்குதான், ஆனாலும் கடையில் நிற்கும் பத்து சைக்கிளில் ஏழைக் கழிக்க இது போதும். முதல் ரோடு பைக், 38 வயது, நாள் முழுக்க ஒரு கம்ப்யூட்டர் முன்னாலோ தையல் லைனிலோ வேலை என்றால் எண்டியூரன்ஸ் வகையை விட்டு வேறு எதையும் பார்க்காதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

உங்கள் பக்கத்து அளவில் முக்கியமானது உள்கால் நீளம். நீங்கள் தினமும் பேசுகிற அதே இன்சீம்தான், ஆனால் துணியில் இல்லாமல் எலும்பில் அளக்க வேண்டும். செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நின்று, பாதங்களுக்கு நடுவில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். கெட்டி அட்டை போட்ட கணக்கு நோட்டைத் தொடைகளுக்கு நடுவில் வைத்து, சீட்டில் உட்காரும் அழுத்தத்துக்கு மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். நோட்டின் முதுகு சுவரைத் தொடட்டும். வீட்டில் யாரையாவது விட்டு நோட்டின் மேல் விளிம்பில் பென்சில் கோடு போடச் சொல்லித் தரையிலிருந்து அளங்கள். மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள். அந்த அளவை 0.883-ஆல் பெருக்கினால் கிராங்க் நடுவிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரைக்குமான உயரம் கிடைக்கும். உள்கால் 78 செ.மீ. என்றால் சீட் 68.9 செ.மீ. இது ஆரம்பப் புள்ளி மட்டுமே. ஷூவின் அடி தடிமன், பாதத்தை நீட்டி மிதிக்கும் பழக்கம், கிராங்க் நீளம் இவற்றால் ஒரு செ.மீ. அப்படி இப்படி மாறும். குதிகாலைப் பெடலில் வைத்து மெதுவாகப் பின்னால் சுற்றிப் பாருங்கள். பெடல் கீழே போகும்போது முழங்கால் அப்போதுதான் நேராக வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. அதன்பின் பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால், கீழ் நிலையில் முழங்கால் 25 முதல் 35 டிகிரி மடங்கி நிற்கும். பெரும்பாலானவர்களுக்கு அது சரியாக அமைகிறது.

முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்ந்திருக்கிறது. பின்பக்கம் இழுத்துப் பிடித்தால் உயர்ந்திருக்கிறது. இந்த இரண்டையும் நூற்றுக்கணக்கான பேரிடம் பார்த்திருக்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். பெடல் நேர்கிடையாக இருக்கும்போது முழங்காலிலிருந்து தூக்குக்குண்டு நூல் விட்டால் அது பெடல் அச்சில் விழ வேண்டும் என்று ஒரு விதி சொல்வார்கள். அதற்கு உடம்புக் கணக்கில் வலுவான காரணம் எதுவும் கிடையாது. தொடக்கத்துக்கு ஓர் அடையாளமாக வைத்துக்கொள்ளலாம், அதற்காக சீட்டை முன்னால் தள்ளிக் கையில் பாரத்தை ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

இரண்டு வருடத்துக்கு முன் பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். உயரம் 169, உங்களைப் போலத்தான். தள்ளுபடியில் கிடைத்தது என்று 56 சைஸ் கார்பன் சைக்கிள் வாங்கியிருந்தார். "ஏனுங்ண்ணா, ஒரு மணி நேரம் போனா ரெண்டு கையும் மரத்துப் போகுதுங்க, கழுத்தத் திருப்ப முடியறதில்லீங்க" என்றார். டிரெய்னர் ஸ்டாண்டில் மாட்டி ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தேன். முழங்கை இரண்டும் கம்பி மாதிரி நீட்டி நின்றன. தோள் காதுவரை ஏறியிருந்தது. பிரேக் லீவரின் ரப்பரை உள்ளங்கையால் பிடிக்காமல் விரல் நுனியால் தொட்டுக்கொண்டிருந்தார். சீட்டில் பின்னால் இடமிருந்தும் அதன் மூக்கில்தான் உட்கார்ந்திருந்தார். எட்டாததால் சீட்டை அவரே முன்னால் தள்ளி வைத்திருந்தார், அதனால் உடம்பின் பாரம் இன்னும் கைக்கு வந்துவிட்டது. ஹேண்டிலை முன்னால் நீட்டிப் பிடிக்கும் 110 மி.மீ. ஸ்டெம்மைக் கழற்றி 80 போட்டோம், சீட்டைப் பின்னால் கொண்டுவந்தோம். வலி குறைந்தது, போகவில்லை. எட்டு மாதத்தில் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு, 52 சைஸில் ஓர் அலுமினியச் சைக்கிள் எடுத்தார். எடையில் முக்கால் கிலோ கூடுதல். அதே ஆள் அதற்கடுத்த சீசனில் 300 கி.மீ. பிரவேயை 20 மணி நேர வரம்புக்குள் முடித்துவிட்டு வந்து, கையைத் திறந்து மூடிக் காட்டினார். மரப்பு இல்லை. கார்பன் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அவருக்கு 52-இல் கார்பன் கிடைத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

ஸ்டெம், அதன் அடியில் போடும் ஸ்பேசர் வளையம், சீட்டைத் தாங்கும் சீட் போஸ்ட் இவற்றை மாற்றி எதையும் சரிசெய்யலாம் என்று கடையில் சொல்வார்கள். அது கொஞ்ச தூரம் உண்மை. ஸ்டெம்மில் 10, 20 மி.மீ. குறைப்பதும் கூட்டுவதும் சாதாரணம். 60 மி.மீ. ஸ்டெம் போட்டால்தான் எட்டுகிறது என்றால் அந்த ஃபிரேம் உங்களுடையது இல்லை. இன்னொன்று, ஹேண்டிலைத் தாங்கும் ஸ்டியரர் பைப்பைப் புதுச் சைக்கிளில் உடனே அறுக்க விடாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும் என்று அறுத்துவிடுவார்கள், அறுத்ததை ஒட்ட முடியாது. மூன்று மாதம் ஓட்டி, உங்கள் முதுகு ஓர் உயரத்தில் பழகியபின் முடிவெடுக்கலாம். அப்புறம், ஹைப்ரிட்டிலேயே வளைந்த ஹேண்டில் மாட்டிக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஹைப்ரிட் ஃபிரேம் நேர் ஹேண்டிலுக்காக நீளமாகச் செய்யப்படுவது. வளைந்த ஹேண்டிலில் பிடி இன்னும் 80, 100 மி.மீ. முன்னால் போய்விடும். அந்த யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

சரி, இப்போது மெட்டீரியல். உங்கள் மச்சான் சொல்வதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் ஓர் உண்மை இருக்கிறது. நம் ஊரில் பால் கேன் கட்டிக்கொண்டு போன அந்தக் கறுப்பு சைக்கிளில் ஏறியவர்கள் எல்லாருமே அது சொகுசாக இருந்தது என்பார்கள். ஆனால் அந்தச் சொகுசு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அதன் டயர் 28-க்கு 1½ அங்குலம், அதாவது சுமார் 40 மி.மீ. அகலம். சீட்டுக்கு அடியில் இரண்டு பெரிய சுருள் ஸ்பிரிங். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நல்ல தூரம். ஆள் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவார். அந்த ஸ்டீல் பைப்புக்கும் சொகுசுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. அதே வண்டியில் 23 மி.மீ. டயர் போட்டு ஸ்பிரிங்கைக் கழற்றியிருந்தால் பால்காரர் ஒரு நாளும் ஏறியிருக்க மாட்டார்.

காரணம் எளிது. சைக்கிள் ஃபிரேம் என்பது இரண்டு முக்கோணம். ஃபேக்டரி ஷெட் கூரையில் டிரஸ் பார்த்திருப்பீர்கள். முக்கோணமாகக் கட்டிய கம்பி மேலிருந்து வரும் பாரத்துக்கு வளைந்துகொடுக்காது. மேடு பள்ளத்தில் நல்ல ஃபிரேம் எதுவாக இருந்தாலும் மேலும் கீழுமாக ஒரு மில்லிமீட்டர் அசைவதே அரிது. அதே அடியில் 28 மி.மீ. டயர் நாலைந்து மில்லிமீட்டர் அமுங்கும். நீளமாக வெளியே நீட்டிய சீட் போஸ்ட்டும் கொஞ்சம் வளையும். உங்கள் முதுகுக்கு வரும் அடியை முதலில் தடுப்பது டயர்தான், ஃபிரேமின் பங்கு கடைசியில்தான் வருகிறது. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி அரைகுறையாக மூடிய ரோட்டில் தினமும் போகிற ஆளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் கடையில் கேட்க வேண்டியது "இதில் 32 மி.மீ. டயர் நுழையுமா?" என்பதுதான். நுழையாத ஃபிரேமை, எந்த உலோகமாக இருந்தாலும், நான் நம் பக்கத்து ரோட்டுக்கு வாங்கச் சொல்ல மாட்டேன். காற்றும் அதே அளவு முக்கியம். டயரின் பக்கச் சுவரில் 115 பி.எஸ்.ஐ. என்று எழுதியிருக்கிறதே என்று அதுவரை அடித்துவிடுகிறார்கள். அது தாங்கும் உச்ச அளவு, ஓட்ட வேண்டிய அளவு இல்லை. உங்கள் எடைக்கு 28 டயரில் முன்னால் 65, பின்னால் 70 என்று ஆரம்பியுங்கள். 32 டயரில் 52, 57 பக்கம். இன்னும் குறைத்தால் பள்ளத்தில் ரிம் இடித்து, ட்யூபில் பக்கத்து பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அப்படி விழுந்தால் அஞ்சு பி.எஸ்.ஐ. ஏற்றிக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்க் காற்றுக் குழாய் இந்த மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு நேரடியாகப் பொருந்தாது, அளவு காட்டும் கைப்பம்ப் ஒன்று வீட்டில் வேண்டும்.

அலுமினியம் முதுகைக் கெடுக்கும் என்ற பேச்சுக்கும் ஒரு பின்கதை உண்டு. ஸ்டீலின் அடர்த்தி 7.85, அலுமினியம் 2.7. எடையில் மூன்றில் ஒரு பங்கு, விறைப்பிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆக ஒரே அளவு பைப்பாகச் செய்தால் அலுமினியம் தொளதொளவென்று இருக்கும். அதைச் சரிக்கட்ட பைப்பைப் பெரிதாக்கினார்கள். சுவர் தடிமன் அதே இருக்க, விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் வளையும் விறைப்பு எட்டு மடங்கு கூடும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த தடித்த அலுமினிய ஃபிரேம்கள் தேவைக்கு மேல் விறைப்பாக இருந்தன, அதோடு அன்றைய 20, 23 மி.மீ. டயர் வேறு. அந்தக் கெட்ட பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று நல்ல அலுமினியச் சைக்கிளில் பைப்பின் வடிவத்தை இடத்துக்கு இடம் மாற்றுகிறார்கள், முன் ஃபோர்க் கார்பனில் வருகிறது, டயர் 28, 32. கண்ணைக் கட்டி ஓட்டவிட்டால் எது அலுமினியம் எது ஸ்டீல் என்று சரியாகச் சொல்வேன் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். மெல்லிய பைப் ஸ்டீலில் ஓட்டும்போது ஒரு துள்ளல் இருக்கிறது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்கிறார்கள். எனக்கும் சில சைக்கிளில் அப்படித் தோன்றியிருக்கிறது. அது பைப்பால் வந்ததா, அந்தச் சைக்கிளின் டயராலும் அளவுகளாலும் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஆயுள் விஷயத்தில் மட்டும் உலோகங்கள் உண்மையிலேயே வேறுபடுகின்றன. ஸ்டீலுக்கு ஒரு சோர்வு எல்லை உண்டு. அந்த எல்லைக்குக் கீழே எத்தனை லட்சம் தடவை வளைத்தாலும் விரிசல் விடாது. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது, சிறிய அழுத்தமும் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் தயாரிப்பவர்கள் அதைத் தாராளமாகப் பலம் கூட்டிச் செய்கிறார்கள். ஒழுங்காகச் செய்த அலுமினிய ஃபிரேம் ஞாயிற்றுக்கிழமை ஓட்டும் ஒருவருக்கு இருபது வருடம் தாங்கும், விமானமே அந்த உலோகத்தில்தான் பறக்கிறது. விரிசல் விட்டால் மட்டும் வெல்டிங் வைத்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். சைக்கிளுக்குப் பயன்படும் 6061 என்கிற அலுமினியக் கலவை வெப்பப் பதத்தால் பலம் பெறுகிறது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். திரும்பச் சூளையில் வைத்துப் பதப்படுத்தாமல் அது பழைய ஃபிரேம் ஆகாது. குரோமியமும் மாலிப்டினமும் கலந்த குரோமோலி ஸ்டீலை நல்ல டிக் வெல்டரோ பித்தளை வைத்து ஒட்டத் தெரிந்தவரோ சரிசெய்ய முடியும். அதுவும் பைப் நடுவில் அரை மில்லிமீட்டர்தான் தடிமன் இருக்கும், கேட்டுக்கு ஆர்க் வெல்டிங் வைக்கும் ஆளிடம் கொடுத்தால் ஓட்டை விழும்.

துரு பற்றிப் பயம் வேண்டாம். சென்னை மாதிரி உப்புக் காற்று நமக்கு இல்லை. ஆனால் நம் போர்த் தண்ணீர் உப்பு. அதில் கழுவினால் நல்ல துணியால் துடைத்து வெயிலில் காயவையுங்கள், குழாயைச் சீட்டுப் பைப்புக்குள்ளோ பேரிங் மேலோ பாய்ச்ச வேண்டாம். வேர்வையும் அப்படித்தான். என் பழைய ஸ்டீல் சைக்கிளில் அலுமினிய சீட் போஸ்ட்டை கிரீஸ் தடவாமல் மாட்டி, மூன்று வருடம் கழற்றாமல் விட்டுவிட்டேன். இரண்டு வேறு உலோகம், நடுவில் வேர்வை உப்பு. பேட்டரி மாதிரி வேலை செய்து இரண்டும் ஒன்றாகப் பூத்துக் கெட்டிப்பட்டுவிட்டன. கோவையில் கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். சீட்டைக் கழற்றி, போஸ்ட்டின் தலையைப் பெரிய வைஸில் இறுக்கிக் கடித்துவைத்து, மொத்த ஃபிரேமையே நெம்புகோலாக இரண்டு பேர் பிடித்துத் திருப்பினோம். நாற்பது நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு நெஞ்சு பதறுகிற மாதிரி ஒரு கீச்சுச் சத்தம், கால் சுற்று அசைந்தது. வெளியே வந்தபோது போஸ்ட் முழுக்க வெள்ளைப் பொடி. உலோக ஃபிரேம் என்றால் வருடம் ஒரு தடவை போஸ்ட்டை உருவித் துடைத்து கிரீஸ் தடவுங்கள். கார்பன் ஃபிரேம் அல்லது கார்பன் போஸ்ட் என்றால் கிரீஸ் வேண்டாம், அதற்கென்று இருக்கும் மணல் மாதிரியான பேஸ்ட்டைத் தடவ வேண்டும்.

கார்பன் என்பது பிசினில் ஒட்டி அடுக்கிய கார்பன் இழை. அதைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை மூன்று. எடைக்கு எடை பார்த்தால் அதுதான் மிக விறைப்பு. எந்தத் திசையில் விறைப்பு, எங்கே கொஞ்சம் வளையவேண்டும் என்று இழையை அடுக்கும் விதத்திலேயே தீர்மானிக்கலாம், உலோகத்தில் அது அந்த அளவுக்கு முடியாது. ஒழுங்காக ஓட்டினால் அது உலோகம் மாதிரி சோர்ந்துபோவதில்லை. ஆனால் ஓரிடத்தில் விழும் குத்தும் நசுக்கும் அதற்கு எதிரி. சைக்கிள் ஸ்டாண்டில் மேல் பைப்பை இறுக்கிப் பிடிப்பது, கார் கேரியரில் ஃபிரேமைக் கவ்வுவது, சீட் போஸ்ட் போல்ட்டைக் கைக் கணக்கில் திருகுவது எல்லாம் ஆபத்து. போல்ட் பக்கத்தில் 5 நியூட்டன் மீட்டர் என்று எழுதியிருந்தால் டார்க் ரெஞ்ச் வைத்து அந்த அளவுதான் திருக வேண்டும். வெளியே பெயிண்ட்டில் கீறல், உள்ளே அடுக்கு பிரிந்திருப்பது, இந்த இரண்டையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. நாணயத்தால் தட்டிப் பார்த்து சத்தம் மந்தமாக இருந்தால் சந்தேகப்படலாம், சத்தம் நன்றாக இருப்பதால் ஃபிரேம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அதனால்தான் பழைய கார்பன் சைக்கிள் வாங்கித் தரச் சொல்லி யார் கேட்டாலும், முதல் சைக்கிளுக்கு வேண்டாம் என்றுவிடுகிறேன்.

எடை குறைவால் என்ன லாபம்? உங்கள் கோத்தகிரிக்கே கணக்குப் போடுவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து சுமார் 33 கி.மீ., ஏற்றம் ஏறக்குறைய 1450 மீட்டர். நீங்கள் 74, உடை, ஷூ, தண்ணீர் ஒரு 4, சைக்கிள் 10, மொத்தம் 88 கிலோ. உங்கள் விலையில் அலுமினியத்துக்கும் கார்பனுக்கும் வித்தியாசம் ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தப் பாரத்தில் அது நூற்றில் ஒன்று சொச்சம். மூன்று மணி நேர ஏற்றத்தில் இரண்டு நிமிடம். 750 மி.லி. பாட்டில் இரண்டை நிரப்பினாலே ஒன்றரைக் கிலோ ஆகிறது. பந்தயக்காரனுக்கு இரண்டு நிமிடம் என்பது உயிர். உங்களுக்கு அந்தப் பணத்தில் கிடைக்கும் நல்ல கியரும் பிரேக்கும் பெரிது. முன்னால் சின்னச் சக்கரம் 34 பல், பின்னால் பெரியது 32 அல்லது 34 பல் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். அது இருந்தால் கோத்தகிரியில் உட்கார்ந்தபடியே ஏறலாம், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசியும் ஏறலாம்.

பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. டிஸ்க் பிரேக் எடுங்கள். மலையிலிருந்து இறங்கும்போது ரிம் பிரேக் ரிம்மையே சூடாக்கும். கார்பன் ரிம்மில் ரிம் பிரேக் வைத்து நீண்ட இறக்கம் இறங்குவது, பிசின் இளகி ரிம் கெடுவதில் கொண்டுபோய் விடலாம். அந்தக் கூட்டணி கொண்ட செகண்ட் ஹேண்ட் சைக்கிள் எவ்வளவு மலிவாக வந்தாலும் மலைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

சமதளத்திலோ எடை இன்னும் அற்பம். உங்கள் பக்கம் எதிரி காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று எப்படியென்று உடுமலை, பல்லடம் காற்றாடிகளைக் கேட்டால் தெரியும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் நீங்கள் செலவழிக்கும் சக்தியில் பெரும்பங்கு காற்றைத் தள்ளத்தான் போகிறது, அதில் பெரும்பகுதி உங்கள் உடம்பு மேல் மோதும் காற்று. எதிர்காற்றில் ஹேண்டிலின் கீழ்வளைவைப் பிடித்துக் குனிந்து அரை மணி நேரம் போக முடிகிறவர், ஒரு கிலோ குறைந்த சைக்கிளில் நிமிர்ந்து போகிறவரைத் தாண்டிவிடுவார். குனிந்து போக முடியுமா என்பது, மறுபடியும், சைஸும் உங்கள் முதுகும் ஒத்துப்போவதில் இருக்கிறது.

200 கி.மீ. பிரவேக்கு நேரம் 13½ மணி. நின்று சாப்பிட்டு, பஞ்சர் ஒட்டி, சராசரி மணிக்கு 15 கி.மீ. போனால் போதும். அதை முடிக்காமல் விடுகிறவர்களில் சைக்கிள் கனமாக இருந்ததால் விட்டவரை நான் பார்த்ததில்லை. உட்கார முடியாமல், கை மரத்து, முழங்கால் வலித்து விட்டவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஆக, உங்களுக்கு என் பதில்: கார்பன் ஃபோர்க்கும் டிஸ்க் பிரேக்கும் 32 டயர் இடமும் உள்ள அலுமினிய எண்டியூரன்ஸ் சைக்கிள், சைஸ் 50-க்கும் 52-க்கும் நடுவில், கிராங்க் 170-க்கு மேல் வேண்டாம், 165 கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு லட்சத்தில் 85 ஆயிரத்துக்குள் சைக்கிளை முடித்து, மிச்சத்தைப் பேடிங் வைத்த ஷார்ட்ஸுக்கும், பம்புக்கும், தேவைப்பட்டால் வேறு சீட்டுக்கும், ஒழுங்காக ஒரு ஃபிட் பார்ப்பதற்கும் வையுங்கள். ஸ்டீல்தான் பிடிக்கிறது என்றால் குரோமோலி பைப்பாக, 32 டயர் நுழைவதாக இருந்தால் தாராளமாக எடுக்கலாம், ஒரு கிலோவுக்காக வருந்தவே வேண்டாம். டைட்டானியம் அருமையான உலோகம், துருவே கிடையாது, ஆனால் உங்கள் விலைக்கு எட்டாது. கார்பன் உங்களுக்குச் சரியாக அமைவது ஓர் இடத்தில்தான்: அதே சைஸில், அதே கியர், பிரேக்கோடு, புதியதாக, கையில் இருக்கும் பணத்துக்குள் வந்தால்.

கடைக்குப் போகும் நாள், ஓட்டும் ஷூவும் ஷார்ட்ஸும் போட்டுக்கொண்டு போங்கள். சீட் உயரத்தை உங்கள் கணக்குப்படி டேப் வைத்து அவர்களை அமைக்கச் சொல்லுங்கள், கடை வாசலில் ஒரு சுற்று போதாது. அரை மணி நேரமாவது கேளுங்கள், வேகத்தடை நாலைந்து இருக்கிற ரோடாகப் பாருங்கள். கடைசிப் பத்து நிமிடம் முழங்கையைக் கொஞ்சம் மடக்கியே வைத்திருக்க முடிகிறதா, லீவரை முழு உள்ளங்கையால் பிடிக்கிறீர்களா, சீட்டின் மூக்குக்கு நகர்ந்துவிடுகிறீர்களா என்று மட்டும் கவனியுங்கள். வாங்கியதும் சீட் போஸ்ட்டில் அந்த உயரத்தில் ஒரு இன்சுலேஷன் டேப் சுற்றி வையுங்கள், யாராவது இறக்கி ஏற்றினாலும் திரும்ப அதே இடத்துக்கு வரலாம். உள்கால் அளவையும், நீங்கள் பார்த்துவைத்திருக்கும் சைக்கிளின் ஸ்டாக், ரீச் எண்களையும் இங்கேயே எழுதினால், பணம் கட்டும் முன் ஒருமுறை சேர்ந்து பார்த்துவிடலாம்.